மழையில் மட்டும் மேடேறிய பஸ்

1

போன சனிக்கிழமை என் மகன் ஜான் பினாங்கிலிருந்து, தான் புதிதாக வாங்கிய பழைய காரில் வந்தான். நாங்கள் இருப்பது அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில். வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், முன்பக்க மூடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அவன் இறங்கி மூடியைத் தூக்கிவிட்டு ரேடியேட்டரின் வாயைத் திருகப் போனான்.

"கைய எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்காரம்மா வெளியே வந்துவிட்டார்.

"அம்மா, வண்டி பானாஸ்லா, கொதிச்சுருச்சு. தண்ணி ஊத்தணும்."

"இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துடும். இப்பப் பச்சத்தண்ணி ஊத்துனா என்ஜின் வெடிச்சுடும். சும்மா இரு."

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உள்ளேயிருந்தபடியே சொன்னார். "நிழலுக்குத் தள்ளிட்டு, மூஞ்சியக் காத்துப் பக்கமாத் திருப்பி வை. தானா ஆறும். நீ வந்து சாப்புடு."

சாப்பிடும்போது ஜான் கேட்டான். "அப்பா டிரைவர், அவருக்குத் தெரியும். நீங்க மிஸ்ஸி. பிரசவம் பாக்குற ஒங்களுக்கு ரேடியேட்டர் எப்படித் தெரியும்?"

"நீ நடக்கப் பழகுனதே பஸ்ஸுக்குள்ளதான்டா" என்றேன். அவன் சிரித்தான். நம்பவில்லை என்று தெரிந்தது. நாங்கள் அவனுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஜப்பான் காலத்தைப் பற்றி இங்கே யாரும் பிள்ளைகளிடம் அதிகம் பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் செத்தவர்கள் பெயரில்தான் போய் முடியும். அவனுக்குத் தமிழ் வாசிக்கவும் வராது. ஆகவே அந்தக் கதையைத் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை படித்துவிட்டு, கல்யாணமான கையோடு கப்பல் ஏறியவள். கெடாவில் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. எனக்கு அங்கே வேலை. என் வீட்டுக்காரர் ஒரு சீன முதலாளியின் பஸ்ஸை ஓட்டினார். மகள் ரூபி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ஜான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜப்பான்காரர்கள் வந்தார்கள்.

வந்த வேகத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ராணுவத் தங்குமிடமாகிவிட்டது. அதைச் சேர்ந்த எங்கள் வீடும் போயிற்று. பஸ் முதலாளி பினாங்குக்குப் போகிறேன் என்று கிளம்பும்போது, "வண்டியப் பாத்துக்க" என்று சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

கொஞ்ச நாளில் அலோர் ஸ்டார் சுகாதார அலுவலகத்திலிருந்து ஓஸ்மான் என்கிற மலாய்க் குமாஸ்தா என்னைத் தேடி வந்தார். தோட்டங்களில் அம்மை பரவுகிறது, வெள்ளைக்கார டாக்டர்கள் யாரும் இல்லை, தோட்டம் தோட்டமாகப் போய் அம்மை குத்த ஓர் ஆள் வேண்டும் என்றார். எனக்கு வேலை, பஸ்ஸுக்குப் பெர்மிட், என் வீட்டுக்காரருக்கு 'சுகாதார இலாகா டிரைவர்' என்று முத்திரை போட்ட ஒரு தாள். அந்தத் தாளின் அருமை அப்போது தெரியவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட என்று தோட்டங்களில் ஆள் பிடிக்க ஆரம்பித்தபோது தெரிந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன மனிதர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி எங்கள் பக்கம் வந்தால் என் வீட்டுக்காரர் அந்தத் தாளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார்.

பஸ் ஓடும்வரைதான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டோம். ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் மருந்துப் பெட்டி. துணி காயப்போடக் குறுக்கே ஒரு கயிறு. அதுதான் எங்கள் வீடு. புக்கிட் செலம்பாவிலிருந்து தெற்கே செர்டாங் வரைக்கும் அந்த வீட்டை ஓட்டிக்கொண்டு திரிந்தோம்.

3

பெட்ரோல் ராணுவத்துக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குக் கரி. அடுப்புக்கரிதான்! பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு தகர உருளையைப் பொருத்தியிருந்தார்கள். அதில் கரியைப் போட்டு மூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதினால் ஒரு வாயு வரும். ஒரு குழாய் அந்த வாயுவைப் பஸ்ஸின் அடியாகவே முன்னால் இருக்கிற என்ஜினுக்குக் கொண்டுபோகும். என்ஜின் அதைத் தின்று ஓடும். பெட்ரோலில் ஓடிய பலத்தில் பாதிகூட இருக்காது.

இதில் குடியிருப்பதை யோசித்துப் பாருங்கள். முன்னால் என்ஜின் கொதிக்கிறது, பின்னால் கரி எரிகிறது, மேலே தகரக் கூரையில் கெடா வெயில், காலுக்குக் கீழே அந்தக் குழாய். நடுவில் நாங்கள் நான்கு பேர். அம்மை குத்துகிற மருந்தான அம்மைப்பால் குழல்களை ஈரமணல் போட்ட பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். அவை சூடேறினால் கெட்டுவிடும். கெட்டதைக் குத்தினால் பிடிக்காது, பழி என் தலையில் விழும்.

எவ்வளவு சூடு என்று பார்க்க எனக்கு ஆசை. என்னிடம் இருந்தது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். ஒருநாள் மத்தியானம் அதைத் தரைப் பலகைமேல் வைத்தேன். பாதரசம் கடைசிக் கோட்டைத் தாண்டி ஏறியது. பிறகு 'டிக்' என்றது. நுனி உடைந்து, பாதரசம் பலகை இடுக்கில் ஓடிவிட்டது. "காச்சல் முத்தி பஸ்ஸு செத்துப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் இன்னொரு தெர்மாமீட்டருக்கு எங்கே போவது?

ஆனாலும் அன்றிலிருந்து சூட்டின் பின்னாலேயே அலைந்தேன். எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக உள்ளே நுழைகிறது, எதைக் கண்டால் ஓடுகிறது? கூரைமேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அத்தாப்பு ஓலை வேய்ந்தோம். நெருப்புப் பொறி விழுமே என்று அவர் பயந்ததால் பின்பகுதியை மட்டும் விட்டுவிட்டோம். நிறுத்தும்போதெல்லாம் பஸ்ஸின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைப்போம். ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து தண்ணீர் ஓட்டம் அடைத்தபோது, புளிக்குப் பதிலாகப் புளிப்பான பிலிம்பிக்காயை அரைத்து ஊற்றிக் கழுவினோம். ஜப்பான்காரர்கள் கடிகாரத்தையே தோக்கியோ நேரத்துக்கு மாற்றியதுகூட எங்களுக்கு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஆறு மணியிலிருந்து பஸ் ஓடலாம் என்று பெர்மிட்டில் இருந்தது. அவர்கள் கடிகாரத்தின் ஆறு மணிக்கு எங்கள் சேவல் இன்னும் கூவியிருக்காது. அந்தக் குளிர்ச்சியிலேயே பாதி வழி போய்விடுவோம்.

குரூணுக்குப் பக்கத்தில் ஒரு காவல் சாவடி. ஒருநாள் அங்கே நின்ற சிப்பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மிஸு! மிஸு!" என்று கத்தினான். அவர் தன் பெரிய மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எஸ்தரு, மீசைய எடுக்கச் சொல்றான்டி. கத்திரி எங்க?"

நான் கத்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன். ரூபி ஓடிப்போய் ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சிப்பாய் மடக் மடக்கென்று குடித்துவிட்டு அவள் தலையைத் தட்டிக் கொடுத்தான்.

"அப்பா, மிஸுன்னா தண்ணி" என்றாள்.

சுங்கைப் பட்டாணிப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் உட்கார்ந்ததிலேயே அவளுக்கு ஜப்பான் பாட்டும் பேச்சும் ஒட்டிக்கொண்டன. பைபிள் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் அழுவாள். சூடு என்பதற்கு அவள் வாயில் முதலில் வந்த சொல் 'அட்சுயி'. அதை 'அத்தை' என்று நினைத்துக்கொண்டு, யாரைக் கேட்கிறாள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது அவள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்குள் சூட்டைக் கொண்டுவருவதற்கென்றே குழாய் போட்டிருக்கிறார்களாம்.

4

புக்கிட் செலம்பாவுக்குக் கிழக்கே உள்தள்ளி ஒரு மலைத்தோட்டம். ஜனங்கள் அதைப் பாறைத் தோட்டம் என்பார்கள். அங்கே போகும் ஏற்றத்தில் ஒரு நாளும் எங்கள் பஸ் முழுசாக ஏறியதில்லை. பாதி மேட்டில் முனகும், கொதிக்கும், நின்றுவிடும். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து அம்மை குத்திக்கொள்வார்கள். வர முடியாதவர்கள் மேலேயே விடுபட்டுப் போனார்கள்.

ஒருநாள் நல்ல மழை. வழக்கமாக நிற்கும் இடத்தில் பஸ் நிற்கவில்லை. முனகிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

"மழையில என்ஜின் குளுந்துடுச்சு, அதான்" என்றார் அவர்.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர் எப்போதும்போலக் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. என்ஜின் குளிரவில்லை. அப்படியானால் குளிர்ந்தது எது?

இதே நாட்களில் வேறொரு கவலையும் எனக்கு இருந்தது. பஸ் ஓடும்போது தரையில் படுத்திருக்கும் ஜான் துவண்டு போவான். உதடு ஒரு மாதிரி சிவந்திருக்கும், எழுப்பினாலும் கண் திறக்க மாட்டான். இறக்கி மரத்தடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பான். ரூபி தலைவலி என்பாள். தோட்டத்துப் பெண்கள் கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வெயில் சூடு என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் மழையில் மேடேறிய அன்றைக்கும் ஜான் துவண்டுதான் கிடந்தான். வெயிலே இல்லையே!

அப்போதுதான் ஊர் நினைவு வந்தது. நம் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் கதவு சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, உள்ளே நெருப்புச் சட்டி வைப்பார்கள் அல்லவா? அப்படிப் பூட்டிய ஓர் அறையில் தாயும் சேயும் கரியின் மூச்சில் மயங்கிக் கிடந்ததைப் படிக்கிற காலத்தில் பார்த்திருக்கிறேன். உடனே தரைப் பலகையில் காதை வைத்துப் படுத்தேன். அடியில் குழாயின் மூட்டு ஒன்றிலிருந்து 'புஸ்' என்று சன்னமாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸுக்கடியில் ஊர்ந்து போனேன். மழை நின்று நேரமாகியும் குழாய் முழுக்க ஈரம் சொட்டியது. தொட்டேன், கையை வைக்க முடிந்தது. வெயில் நாளில் அதே குழாயில் எச்சில் பட்டால் பொரியும். இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் குழாய்தான் என்று பட்டது. என் பிள்ளையை மயக்கியதும் அது, வீட்டுத் தரையைக் காய்ச்சியதும் அது. அதற்குள் போகிற வாயு சூடாக இருந்தால் என்ஜினுக்குப் பலம் இல்லை, குளிர்ந்தால் பலம்.

அவரிடம் சொன்னேன். "இருவது வருசம் வண்டி ஓட்டுறேன்..." என்று ஆரம்பித்தார்.

"கரி வண்டி எத்தன வருசமா ஓட்டுறீங்க?"

 அடுத்த வெயில் நாளில் கோணிச் சாக்குகளை நனைத்துக் குழாயில் சுற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறினோம். நிற்கும் இடம் வந்தது, தாண்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் குரல் மட்டும் வந்தது. "சாக்கு காஞ்சிருக்கும். எறங்கி இன்னொருக்கா நனைச்சு விடு."

பாறைத் தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போன பங்களா சும்மா கிடந்தது. அதன் மழைநீர்க் குழாய்களைத் தோட்டத்து ஆட்களே கழற்றிக் கொடுத்தார்கள். "எடுத்துக்கங்க மிஸ்ஸி, துரை வந்தா நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் ஒருவர். பழைய குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, புதியதைக் கூரைமேல் ஓரமாக, ஓலை படாமல், காற்று அடிக்கும்படி கொண்டுபோனோம். மூட்டுகளில் களிமண் பூசிக் கம்பி கட்டினோம். மேலே நனைந்த சாக்கு. தரை குளிர்ந்தது. ஜான் அதில் தவழ்ந்து, பிடித்து நின்று, நடந்தான்.

5

பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது.

மலைத்தோட்டங்களில் அம்மை குத்தியது குறைவு என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். அதை நேரில் பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி, எப்போதும் வியர்க்கும் கழுத்து. கூடவே ஓஸ்மான். எங்கள் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டு, பாறைத் தோட்டத்துக்குப் போ என்றார்.

நின்றால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள் என்று ஓஸ்மான் காதோடு சொன்னார். என் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்து ஓட்டினார். பஸ் நிற்காமல் ஏறியது. அதிகாரி பாதி வழியில் பூட்ஸைக் கழற்றினார். பிறகு கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பலகையில் வைத்து, "சுசுஷீ" என்றார்.

"குளுகுளுன்னு இருக்காம்" என்றாள் ரூபி.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்? ஓலைக் கூரையையும் ஈரச் சாக்கையும் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இறங்கும்போது ஓஸ்மானிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஓஸ்மானின் முகம் விழுந்துவிட்டது.

"மிஸ்ஸி, மேடேறுற வண்டி ராணுவத்துக்கு வேணுமாம். அடுத்த வாரம் ராணுவ டிரைவர் வந்து ஓட்டிப் பாப்பாரு. புடிச்சா எடுத்துக்குவாங்க."

"நாங்க?"

"நீங்க நடந்து போய் ஊசி குத்தலாம்னு சொல்றாரு." என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டி இல்லாத டிரைவருக்கு எங்க ஆபீசுல வேல இல்ல அண்ணே. பேரு சயாம் லிஸ்டுக்குப் போயிரும்."

6

அன்றைக்கே என்ஜினை உடைத்துவிடுகிறேன் என்று சுத்தியலை எடுத்தார் என் வீட்டுக்காரர்.

"ஒடச்சா பழைய இரும்பு. அப்பவும் நீங்க சயாமுக்குத்தான் போகணும்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற? ஓடுனாலும் வம்பு, ஓடாட்டியும் வம்பு."

நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ராணுவத்துக்கு நிற்காத வண்டி வேண்டும். அம்மை குத்துகிறவளுக்கு நின்று நின்று போனாலும் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களுக்கு இடம் இருந்தது. கொதிக்க வேண்டும், ஆற வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குமேலும் கூடாது, கீழும் கூடாது.

வழி கையிலேயே இருந்தது. நனைந்த சாக்கு குழாயைக் குளிரவைக்கும். காய்ந்த சாக்கை அடுக்கடுக்காகச் சுற்றினால் கம்பளி போர்த்தியது போல, சூடு வெளியே போகாது. அதிகாரி முன்பு பார்த்ததும் சாக்குதானே, அவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்த சாக்குகளைச் சுற்றினோம். மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். பாதியில் நின்றது. ஆறவிட்டுக் கிளப்பினால் ஏறியது. "சரியான நோயாளி" என்றார் அவர்.

சொன்ன நாளில் அதிகாரியும் ஓஸ்மானும் வந்தார்கள். கூடவே ராணுவ டிரைவர். குள்ளமான, நடுவயது மனிதர். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். பேசவே இல்லை. என் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டு ஓட்டும் இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். பின்னால் கரி போட நான். என் பக்கத்தில் ரூபியும் ஜானும்.

புக்கிட் செலம்பாவைத் தாண்டும்போது வானம் இருண்டது. மேட்டின் அடிவாரத்தில் முதல் சொட்டு விழுந்தது.  காய்ந்த சாக்குகள் இனி நனைந்த சாக்குகள். மழையில் இந்த பஸ் எப்படி ஏறும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுக்கடுக்காகச் சுற்றியது வேறு, அத்தனையும் தண்ணீர் குடிக்கும். ஆண்டவரே, மழையை நிறுத்தும் என்று ஜெபித்தேன். மழை வலுத்தது.

பஸ் ஏற ஆரம்பித்தது. முனகலே இல்லை. முன்னால் அதிகாரிக்கும் ஓஸ்மானுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கரிச் சாக்குகள் இரண்டு கூரைமேல் கிடந்தன. உள்ளே என் காலடியில் ஒரு மண்ணெண்ணெய் தகரத்தில் மழைக்கென்று காய்ந்த கரி வைத்திருப்போம். மழை பெய்தால் அந்தத் தகரத்திலிருந்துதான் போடுவது வழக்கம். நான் அதன் மூடியை அழுத்திச் சாத்தினேன். ஜானைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தேன். பின்படியில் நின்று கூரைக்குக் கையை நீட்டி, ஊறிப்போன கரியை அள்ளி அள்ளி உருளைக்குள் போட்டேன்.

உருளை 'சொய்' என்றது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. பஸ் ஒருமுறை இருமியது, இரண்டாம் முறை இருமியது, பாதி மேட்டில் குலுங்கி நின்றுவிட்டது.

ராணுவ டிரைவர் மழையிலேயே இறங்கிப் பின்னால் வந்தார். உருளையின் மூடியைத் திறந்து பார்த்தார். ஈரக் கரி ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். பிறகு உள்ளே ஏறினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்கள் முன்னால் நின்றார். அவர் கண் என் கையைப் பார்த்தது. பிறகு தகரத்தைப் பார்த்தது. மூடியின்மேல் என் ஐந்து விரலும் கரியில் பதிந்திருந்ததை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

அவர் குனிந்து ஜானை இரண்டு கையாலும் தூக்கினார்.  ஜான் அவருடைய ஈர மூக்கைப் பிடித்து இழுத்தான். அவர் கொஞ்ச நேரம் அவனைப் பிடித்திருந்தார். தகரத்தைத் திறக்கவில்லை. ஜானை மறுபடி அதன்மேலேயே உட்காரவைத்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"டமே."

அதிகாரி ஏதோ கோபமாகக் கேட்டார். டிரைவர் வானத்தைக் காட்டினார், உருளையைக் காட்டினார், மேட்டைக் காட்டினார். மறுபடியும், "டமே" என்றார். அதிகாரி ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தலையாட்டினார்.

ரூபி என் காதில் சொன்னாள். "ஆவாதாம்மா. மழை பெய்யுற ஊருல இந்த வண்டி ராணுவத்துக்கு ஆவாதாம். ஆஸ்பத்திரிக்கே இருக்கட்டுமாம்."

இறக்கத்துக்குக் கரி தேவையில்லை. பஸ் தானாக உருண்டு கீழே வந்தது. ராணுவ டிரைவர் சல்யூட் அடித்துவிட்டு அதிகாரியுடன் போய்விட்டார். அந்த மனிதர் ஊரில் என்ன வேலை செய்தவர், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, தகரத்தில் இருந்தது என்ன என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, அல்லது அதைத் திறந்து பார்க்கச் சோம்பல்பட்டாரா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை.

7

பிறகு கெடாவைச் சயாம் நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். பெர்மிட் வேறு எழுத்தில் வந்தது. புதிய முத்திரைக்காக அலோர் ஸ்டாரில் ஒரே மேசைக்கு முன்னால் மூன்று முறை நின்றோம். ஆளைப் பிடிக்கும் லாரிகள் குறைந்தாலும் ஜப்பான் பட்டாளம் சாலையை விட்டுப் போகவில்லை. அதனால் பெரிய சாலையில் போகும்போது சாக்கைக் காயவைத்து ஓட்டுவோம். தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்து ரப்பர் மரங்கள் மறைத்ததும் என் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்துவார், நான் தண்ணீர் ஊற்றுவேன். யாராவது வருகிறார்களா என்று ரூபி பார்த்துக்கொண்டு நிற்பாள். தங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது என்பதை ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று அவர் கேட்பார். சாலையில் போகிறவர்கள், "டிரைவரண்ணே, ஒங்க பஸ்ஸு எப்பவும் கொதிச்சுக்கிட்டே நிக்குதே!" என்று கேலி செய்வார்கள். அவருக்கு அது தாங்காது. நல்ல டிரைவர் என்று பெயர் எடுத்தவர் அல்லவா! வாயைத் திறக்காமல் மீசையை மட்டும் நீவிக்கொள்வார்.

சண்டை முடிந்தது என்ற செய்தி எங்களுக்குச் செர்டாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஆட்கள் தங்கள் குடியிருப்பு லயங்களிலிருந்து வெளியே வந்து சும்மா நின்றார்கள். சயாமுக்குப் போனவர்களின் பெண்சாதிகள் மட்டும் எங்கள் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, "மிஸ்ஸி, இனிமே வந்துருவாங்களா?" என்று கேட்டார்கள். 

மறுநாள் காலை அவர் பஸ்ஸின் கூரைமேல் ஏறினார். சாலையில் ஜனங்கள் போய்க்கொண்டிருக்க, வெட்டவெளியில் நின்று, குடம் குடமாகச் சாக்குகளில் தண்ணீர் ஊற்றினார். கரியை மூட்டச் சொன்னார். பெர்மிட்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

மருந்துப் பெட்டியை இறக்கி ஒரு வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். முன்னால் ஒரு நீண்ட ஏற்றம். பஸ் ஒரே மூச்சில் ஏறியது. சன்னலெல்லாம் திறந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் குளிர்ந்த தரையில் மல்லாந்து படுத்திருந்தார்கள். வழியில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர் ஹார்னை ஒரு முறை அடித்தார், அப்புறம் விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

தோட்டத்துப் பாதை வந்தது, திரும்பவில்லை. அடுத்ததும் வந்தது. ரூபி எழுந்து முன்னால் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, எந்தத் தோட்டத்துக்குப் போறோம்?"

"எந்தத் தோட்டத்துக்கும் இல்ல."

"பின்ன எங்க?"

"சும்மா" என்றார் அவர். "சும்மாப் போறோம்."

கரி தீரும் மட்டும் போனோம்.